பறக்காமலே பறக்கும் ராக்கெட்

மொரப்பூர்ப் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்ப்பவர், அதைக் கிணற்றில் இறக்குமுன் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஓட்டிப் பார்ப்பார். மோட்டார் உண்மையானது, கிணறுதான் போலி. ராக்கெட்டை வழிநடத்தும் கணிப்பொறியையும் ஏறக்குறைய இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

ராக்கெட் சற்றுச் சாய்ந்தால் உணர்கருவி அதை அறிவிக்கும், கணிப்பொறி கணக்கிட்டு ஆணையிடும், வாயு பீறிடும் திசை மாறும், ராக்கெட் நிமிரும். இது ஓயாது சுழலும் ஒரு வளையம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ராக்கெட்டுக்குரிய கணிப்பொறியைச் சோதனைக் கூடத்தில் வைத்து, ராக்கெட்டுக்குப் பதிலாக வேறொரு கணிப்பொறியை இணைக்கிறார்கள். காற்று, எடை, உந்துவிசை ஆகியவற்றின் சமன்பாடுகளை அது நொடிக்குப் பலமுறை தீர்த்து, ‘இப்போது இவ்வளவு சாய்ந்திருக்கிறாய்’ என்று பதில் அனுப்பும். முதல் கணிப்பொறி தான் பறப்பதாகவே ‘நம்பும்’! உண்மைக் கருவியை வளையத்தில் இணைத்துச் செய்யும் பாவனைச் சோதனை இதுவே.

ஆனால், எத்தகைய தடுமாற்றத்தைக் கொடுத்துச் சோதிக்கிறோம் என்பது முக்கியம். 1993 செப்டம்பர் 20-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட், இரண்டாம் கட்டம் பிரிந்தபோது பெரிதும் தடுமாறியது. அதைத் திருத்தும் ஆணையின் எண் வரம்பைக் கடந்தது. அந்நிலையைச் சமாளிக்கும் ஏற்பாடு நிரலில் சரியாக இல்லை. ராக்கெட் கடலில் விழுந்தது. குறைகள் களையப்பட்டபின், 1994 அக்டோபர் 15-இல் அடுத்த பி.எஸ்.எல்.வி., 804 கிலோ எடையுள்ள செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நடக்கவே நடக்காது என்று தோன்றுவதையும் தரையிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். தொட்டியில் ஓடிய மோட்டார், 500 அடி ஆழத்திலிருந்து நீரைத் தூக்குமா என்பதல்லவா கேள்வி?