பேர்ப்பலகை இல்லாத கடை!

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. பேர்ப்பலகை கிடையாது, சாயங்காலமானால் கூட்டம் மட்டும் நிற்கும். ஊருக்குள் மற்றபடி பார்த்தால்... பலகைக்குப் பலகை 'ஒரிஜினல்'! பலகை இல்லாமலே பிழைக்க அந்த அல்வாவால் முடியும். நானும் அப்படி ஒரு கடை போட்டு மாட்டிக்கொண்டேன். அல்வா இல்லை ஸார், சாஃப்ட்வேர்!

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறவர்கள், தாங்கள் செய்ததை 'பேக்கேஜ்' கட்டி ஊருக்கே இலவசமாகக் கொடுக்க, 'பைபிஐ' என்று ஒரு பொதுக் கிடங்கு உண்டு. யாரும் போடலாம், யாரும் எடுக்கலாம்.

ஆபீஸ் ரசீதில் தமிழ்ப் பெயர் அச்சடிக்க வேண்டியிருந்தது. 'நெல்லை' நமக்கு 3 எழுத்து. பைத்தானிடம் கேட்டால் 6 என்கும். கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனி டிக்கெட்! இதைச் சரிக்கட்ட ஒரு பேக்கேஜ் எழுதி ஏற்றினேன். ஸோர்ஸ் கோட் எங்கே இருக்கிறது, தப்பு இருந்தால் யாரிடம் சொல்வது என்று கேட்கிற கட்டங்களையெல்லாம் காலியாக விட்டேன். 'நமக்கெதுக்கு விளம்பரம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம், சோம்பேறித்தனம்.

ஒரு வருஷம் கழித்துத் தென்காசியிலிருந்து போன். யார் யாரையோ பிடித்து என் நம்பரை வாங்கியிருக்கிறான் ஒரு பையன்.

"அண்ணாச்சி, அந்தப் பேக்கேஜ் நீங்க போட்டதுதானா? ஆறு மாசமா உங்களத் தேடுதேன். ஸ்ரீதர் மகன் முருகன், ரசீதுல 'ஸ். முருகன்'னு வர்றாரு. அவரு என்னையப் புடிச்சு ஏசுதாரு!"

'ஸ்ரீ'யை என் புரோகிராம் இரண்டாகப் பிய்த்திருக்கிறது. ஆறு மாசத்தில் எத்தனை ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஸ்ரீவைகுண்டம்! எனக்குக் காது சுட்டது. "இதுக்குன்னே 'ஓப்பன் தமிழ்'னு ஒரு பேக்கேஜ் அங்கேயே கெடக்கே, பாக்கலியா?" என்று வேறு கேட்டான். போய்ப் பார்த்தேன். ஸோர்ஸ் கோட் இருக்கிற முகவரி பளிச்சென்று போட்டிருந்தது.

முகவரி இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. 'ஜெல்லிஃபிஷ்' என்று பிரபலமான பேக்கேஜ் ஒன்று. ஆங்கிலப் பெயரில் ஒரு சின்ன 'எல்'லுக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' போட்டு ஒருவன் போலியை ஏற்றினான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இறக்கியவர்களின் ரகசியச் சாவிகளைத் திருடுகிற சரக்கு. 2019 டிசம்பரில் பிடிபடும்வரை ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கேயே இருந்தது! இப்போது பைபிஐ, தானே சரிபார்த்த விவரத்தைத் தனியாகவும், போட்டவர் சொன்னதை 'சரிபார்க்காதது' என்று தனியாகவும் காட்டுகிறது. நம்ம ஊர் அல்வாப் பலகைகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எத்தனை கடை தாங்குமோ!

நானும் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன். மொத்தம் பத்து வரி. ஆனால், ஏற்றிவிட்ட பதிப்பின் விவரத்தைத் திருத்த விடமாட்டார்கள், புதுப் பதிப்புதான் போடவேண்டும். 'ஸ்ரீ'யை ஒட்டவைத்து, முகவரியோடு ஏற்றினேன்.

மூன்றாம் நாளே முதல் கடிதம் வந்தது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து. 'க்ஷ' பிய்கிறதாம்.