இரட்டை எஞ்சின் விமானமும் நல்லாசிரியரும்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் முதலிய ஊர்களில் வாழ்வோருக்குப் பயிற்சி விமானங்களின் ஒலி புதியதன்று. அவற்றில் பறப்பவர்கள் எல்லோரும் இப்போதுதான் பறக்கக் கற்றுக்கொள்ளும் புதியவர்கள் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. அவர்களுள் பலர் முன்னமே தேர்ச்சி பெற்ற விமானிகள். தாம் அறிந்த கலையைப் பிறருக்குக் கற்பிப்பது எப்படி என்பதை அறியவே அவர்கள் இங்கு வருகிறார்கள். இந்திய விமானப்படையின் பறத்தல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1948ஆம் ஆண்டில் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954 முதல் தாம்பரத்தில் நடைபெற்று வருகிறது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவற்படை விமானிகளும், நட்பு நாடுகளின் விமானிகளும் இங்கு வந்து பயில்கின்றனர்.

பறக்கத் தெரிவது வேறு. பறக்கக் கற்பிப்பது வேறு. இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டதனால்தான் தேர்ந்த விமானிகளுக்கும் தனியே ஒரு பள்ளி தேவைப்பட்டது. படையைச் சேராத மாணவர் அப்பள்ளியில் சேர இயலாது. ஆயினும், அது உணர்த்தும் பாடத்தை யாவரும் பெறலாம். விமானப் பள்ளியைத் தேடும் மாணவர் முதலில் தேடவேண்டியது நல்லாசிரியரை. இரட்டை எஞ்சின் விமானத்திற்கான தகுதி பெற விரும்புவோர்க்கு இது மிகவும் பொருந்தும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஓர் எஞ்சின் உள்ள விமானத்தில் பழகியவர், இரண்டு எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்டத் தனித் தகுதி பெறவேண்டும். எஞ்சின் இரண்டானால் ஆபத்து பாதியாகக் குறையும் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு அவ்வளவு எளிதன்று. ஒரு குடும்பத்தின் வருமானம் பாதியானால் சோற்றுச் செலவு பாதியாவதில்லை, சேமிப்புதான் மறைந்துபோகிறது. விமானமும் அப்படியே. உயரம் குறையாமல் பறப்பதற்கே எஞ்சின்களின் ஆற்றலில் கணிசமான பகுதி செலவாகிறது. எஞ்சியதைக் கொண்டுதான் அது மேலே ஏறுகிறது. இரண்டில் ஒன்று நின்றால் ஆற்றலில் பாதி போகிறது. ஏறும் திறனிலோ ஐந்தில் நான்கு பங்கும், சிறிய விமானங்களில் அதற்கு மேலும் போய்விடுகிறது. கோடையில் சென்னையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும்போது காற்று மெலிகிறது. அப்போது கடல் மட்டத்தை ஒட்டிய மீனம்பாக்கத்திலேயே, ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் விமானம் தளர்ந்து நடந்துகொள்ளும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால், மற்ற மாடு வண்டியை நேரே இழுப்பதில்லை. நின்ற மாட்டின் பக்கமாகத் திருப்பிவிடும். இடப்பக்க எஞ்சின் நின்றால் விமானத்தின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது. விமானி வலக்காலால் மிதியை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி, அதை நேராக்க வேண்டும். ஆனால் சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மேல் மோதும் காற்றின் வேகம். ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே விமானம் சென்றால், எவ்வளவு அழுத்தினாலும் சுக்கான் பயன்படாது. விமானம் கவிழத் தொடங்கும். வேகங்காட்டியில் ஒரு சிவப்புக் கோடு இந்த எல்லையைக் குறிக்கிறது. எல்லையை நெருங்கினால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, ஓடும் எஞ்சினின் விசையையும் குறைக்க வேண்டும். பயந்த மனம் இதற்கு நேர்மாறாகவே செய்யத் துடிக்கும்.

நின்றது எந்த எஞ்சின் என்பதை அறிவதும் எளிதன்று. இதற்கென விமானிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: எந்தக் கால் ஓய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது. 2015 பிப்ரவரி 4ஆம் நாள் தைவானின் தைபே நகரில், தரையைவிட்டு எழுந்த சிறிது நேரத்தில் ஒரு பயணி விமானத்தின் வலப்பக்க எஞ்சின் ஆற்றல் இழந்தது. விமானி பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சினை அணைத்துவிட்டார். விமானம் ஆற்றில் வீழ்ந்தது. 43 பேர் உயிரிழந்தனர். எஞ்சின் ஒன்று செயலிழந்தாலும் பறப்பதற்கென்றே அமைக்கப்பட்ட விமானம் அது.

ஆகவே, இரட்டை எஞ்சின் பயிற்சியின் உயிர்நாடி, ஓர் எஞ்சின் நின்றபோது செய்யவேண்டியதைப் பழகுவதே. ஆசிரியர் போதிய உயரத்தில் ஓர் எஞ்சினை நிறுத்திக் காட்டவேண்டும். மாணவரைத் தவறு செய்ய விடவேண்டும். அத்தவறு ஆபத்தாவதற்கு முந்திய நொடியில் கை நீட்டித் தடுக்கவேண்டும். அந்த நொடியை அறிவதே ஆசிரியத் திறமை.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் இரட்டை எஞ்சின் விமானத்தில் பறப்பது சிறு பகுதியே. அச்சில மணி நேரங்கள் வீணாகாத பள்ளியை எப்படி அறிவது? கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்காமல், நேரில் சென்று கேளுங்கள். இரட்டை எஞ்சின் விமானங்கள் எத்தனை? அவற்றுள் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை? அவற்றை எத்தனை மாணவர் பங்கிட்டுக்கொள்கின்றனர்? ஆசிரியர் அவ்வகை விமானத்தில் எவ்வளவு காலம் கற்பித்திருக்கிறார்? பாவனைக் கருவியில் எத்தனை மணி நேரப் பயிற்சி உண்டு? சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் பயிற்சியை முடித்துவிட்டார்களா? கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்பதைவிட மாணவர்களிடம் கேட்பது நலம்.

வானிலையையும் எண்ணிப் பாருங்கள். வடநாட்டில் குளிர்காலப் பனிமூட்டமும், நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையும் பறக்கும் நாட்களைக் குறைக்கும். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். வெளிநாடு செல்வோர், அங்குப் பெற்ற உரிமத்தை இங்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மறவாதிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் வகுப்பு மருத்துவத் தகுதியைப் பெற்றுவிடுங்கள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பெற்றோர் தரும் பணம் அது. பறந்த மணி நேரத்திற்கேற்பத் தவணையாகச் செலுத்துவதே அறிவுடைமை.

1950ஆம் ஆண்டில் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 'டவ்' என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். அவர் பெங்களூரை அடுத்த ஜக்கூர் அரசாங்க விமானப் பள்ளியின் ஆசிரியர். அம்மையார் அப்பள்ளியில் பயின்று வெளிவந்தவர். ஆசிரியரும் மாணவியும் அருகருகே அமர்ந்து கண்டங்களைக் கடந்தனர்.

மாணவ நண்பர்களே! ஆசிரியர் என்றும் உங்கள் அருகில் அமர்ந்திருக்க மாட்டார். ஒருநாள் பயணிகள் பின்னே அமர்ந்திருக்க, ஓர் எஞ்சின் ஓய்ந்துபோகலாம். அன்று உங்கள் கைகளையும் கால்களையும் சரியாக இயக்கப்போவது, எந்த ஆசிரியரிடம் எப்படிக் கற்றீர்கள் என்பதே.