மீண்டும் விரிந்த பாய்

பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடக்கும் பாலினேசியத் தீவுகளில் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் வாழ்கின்றனர். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் அவர்கள் அங்கு எவ்வாறு சென்று சேர்ந்தனர்? காற்றும் நீரோட்டமும் அடித்துச் சென்றதால் தற்செயலாகக் கரையேறியவர்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆய்வாளர் சிலர் எழுதினர். அதனை மறுத்துக்காட்ட ஹவாய்த் தீவுகளில் பழைய நெடும்பயணக் கலம் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை.

1973ஆம் ஆண்டு அங்கே பாலினேசியக் கடற்பயணக் கழகம் தோன்றியது. ஐரோப்பிய மாலுமிகளுடன் வந்த ஓவியர்கள் வரைந்த படங்களையும் வாய்மொழி மரபுகளையும் துணைகொண்டு, 62 அடி நீளமுள்ள ‘ஹொகுலேயா’ என்னும் கலத்தை உருவாக்கி, 1975இல் கடலில் இறக்கினர். இரு நீண்ட மரக்கலங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, மேலே தளம் அமைத்த இரட்டைக் கலம் அது. (இத்தகைய கலத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது, எனினும் கட்டுமரம் மரங்களை ஒன்றாகப் பிணைத்த மிதவையே, இரட்டைக் கலமன்று.) பாயின் வடிவம் நண்டின் கொடுக்கை ஒத்தது. அடியில் ஒன்றுசேரும் இரு கழிகளுக்கிடையே அது விரியும், மேல்விளிம்பு உட்குழிந்திருக்கும். உறுப்புகளைக் கயிற்றால் பிணைத்திருப்பதால், அலை மோதும்போது கலம் முறியாமல் நெகிழ்ந்து கொடுக்கும்.

கலம் கிடைத்தது, ஆனால், அதனைப் பண்டைய முறையில் செலுத்த அறிந்தவர் ஹவாயில் இல்லை. மைக்ரோனேசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக் அக்கலையைத் தம் பாட்டனாரிடம் கற்றவர். விண்மீன்கள் எழும் இடமும் மறையும் இடமும், அலையின் போக்கும் அவருக்குத் திசை கூறின. 1976இல் அவர் வழிகாட்ட, ஹொகுலேயா கருவி எதுவுமின்றி ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் கடந்து டஹிட்டியை அடைந்தது. 1978இல் புறப்பட்ட பயணத்தில் கலம் கவிழ்ந்தது. உதவி தேடி நீந்துபலகையில் சென்ற எடி ஐகாவ் திரும்பவே இல்லை. பின்னர் மாவ், தம் மரபின் கட்டுப்பாட்டைக் கடந்து வெளித்தீவு இளைஞர்களுக்கும் அக்கலையைக் கற்பித்தார். அவருடைய மாணவர் நைனோவா தாம்சன் 1980இல் தாமே வழியறிந்து டஹிட்டிக்குக் கலம் செலுத்தினார்.

ஹொகுலேயாவின் உடல் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடி இழையாலும் ஆனது. மரபான பொருள்களாலேயே மற்றொரு கலம் செய்ய 1990களின் தொடக்கத்தில் முயன்றபோதுதான் இழப்பின் முழு அளவும் புலப்பட்டது. கலம் குடைவதற்கேற்ற பருமனுள்ள கோவா மரங்கள் ஹவாய்க் காடுகளில் கிடைக்கவில்லை. அலாஸ்காவின் தொல்குடியினர் இரு பெருமரங்களை நன்கொடையாக அளித்தனர். அவற்றால் ‘ஹவாயிலோவா’ உருவானது. அதே காலத்தில் ஹவாயில் ஆயிரக்கணக்கான கோவா நாற்றுகளும் நடப்பட்டன. அவற்றிலிருந்து கலம் குடையப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை.