மூளை நரம்பியல் ஆய்வும் உயிரி ஆயுதத் தடையும்: நோக்கம் என்னும் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

மூளை நரம்பியல் ஆய்வின் பயன்கள் ஆயுதமாகாமல் காக்கும் பன்னாட்டு, இந்தியச் சட்ட ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவை பொருளினும் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்வதால், முதற்காப்பு ஆய்வாளரிடமே உள்ளது என இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மூளை நரம்பியல், நச்சுப்பொருள், உயிரி ஆயுத உடன்படிக்கை, ஆய்வு அறம்

முன்னுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் தரவுத்தொகுப்பை வெளியிட்டது. கருநிலை மனித மூளையின் 5,132 வெட்டுப்படலங்களைக் கொண்ட இத்தொகுப்பு உலக ஆய்வாளர் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுகளை அறிய இத்தகைய அறிவு இன்றியமையாதது. இவ்வரைபடத்தால் தீங்கில்லை. எனினும், மூளையைப் பற்றிய அறிவு பெருகுந்தோறும் நரம்பு மண்டலத்தின்மீது செயற்படும் பொருள்களைப் பற்றிய அறிவும் பெருகுகிறது. சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

1. ஒரு பொருள், இரு பயன்

பொட்டுலினம் நச்சு, நரம்பு முனைகளில் அசெட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கிறது. மிக நுண்ணிய அளவில் அது தசை இறுக்கத்திற்கும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் மருந்தாகிறது. அதே நச்சினை ஏறத்தாழ 19,000 லிட்டர் அளவில் தயாரித்திருந்ததாக ஈராக் 1995இல் ஐக்கிய நாடுகள் ஆய்வுக் குழுவிடம் ஒப்புக்கொண்டது. 2002 அக்டோபரில் மாஸ்கோ அரங்கொன்றில் பிணைக்கைதிகளை மீட்க, மயக்க மருந்துகளான ஃபென்டனில் வழிப்பொருள்கள் காற்றில் பரப்பப்பட்டன. பிணைக்கைதிகள் 120 பேருக்கு மேல் இறந்தனர்.

2. இரு உடன்படிக்கைகளின் இடைவெளி

1972இல் கையெழுத்திற்கு வைக்கப்பட்ட உயிரி, நச்சு ஆயுத உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1974இலேயே அதனை ஏற்புறுதி செய்தது. இவ்வுடன்படிக்கை தடைப்பொருள்களின் பட்டியல் எதனையும் தரவில்லை. அமைதி நோக்கத்தால் நியாயப்படுத்த இயலாத வகையிலும் அளவிலும் உயிரிகளையோ நச்சுகளையோ உருவாக்குவதையும் வைத்திருப்பதையுமே அது தடுக்கிறது.

1997இல் நடைமுறைக்கு வந்த வேதியியல் ஆயுத உடன்படிக்கைக்கு ஹேக் நகரில் ஓர் அமைப்பும் கள ஆய்வாளர்களும் உள்ளனர். உயிரி ஆயுத உடன்படிக்கைக்கு அத்தகைய சரிபார்ப்பு முறை இல்லை. அதனை உருவாக்க நடந்த பேச்சுகள் 2001இல் முறிந்தன. உயிரிகள் உண்டாக்குவனவும் வேதியியல் முறையில் ஆக்கத்தக்கனவுமான நரம்புப் பெப்டைடுகள் இவ்விரு உடன்படிக்கைகளின் எல்லையிலும் நிற்கின்றன. மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வேதிப்பொருள்களைக் காவற்பணிக்காகக் காற்றில் தூவுவது ஏற்புடையதன்று என ஹேக் அமைப்பின் உறுப்பு நாடுகள் 2021 டிசம்பரில் முடிவெடுத்தமை, இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே அடைத்தது.

3. இந்திய ஏற்பாடுகள்

பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டம், உயிரி ஆயுதங்களை உருவாக்குவோருக்கு 5 ஆண்டுகளுக்குக் குறையாத, ஆயுட்காலம் வரை நீளத்தக்க சிறைத்தண்டனையை விதிக்கிறது. ஆயின் தண்டனை குற்றத்திற்குப் பிற்பட்டது. ஆய்வுத் தொடக்கத்தில், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, மரபணு மாற்றிய உயிரிகளையும் தீங்குதரும் நுண்ணுயிரிகளையும் கையாளும் முறையை நோக்குகிறது. அறநெறிக் குழு, ஆய்வுக்கு உட்படுவோரின் நலத்தை நோக்குகிறது. ‘இம்முடிவு பிறர் கையில் என்னவாகும்?’ என்ற வினா இவ்விரண்டின் முதன்மைப் பணியிலும் அடங்கவில்லை.

முடிவுரை

நோக்கமே அளவுகோலாயின், அந்நோக்கத்தை முதலில் அறிபவர் ஆய்வாளரும் நெறியாளருமே ஆவர். எனவே, நரம்பு மண்டலத்தின்மீது செயற்படும் பொருள்களை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வுத் திட்ட வரைவில், தவறான பயன்பாட்டிற்கு இடமுண்டா என்பதை விளக்கும் ஒரு பத்தியைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கலாம். இது ஆய்வுக்குப் பூட்டாகாது. கள ஆய்வாளர் இல்லாத உடன்படிக்கைக்கு ஆய்வுக்கூடத்திலேயே ஒரு காவலை அமைப்பதாகும்.