கண்ணை மூடாதே, தாயி!

"ஐயோ, இந்த வயசிலே கம்பா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படிச் சிரித்தவள்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்யாணம், பிள்ளைகள், அடுப்படி என்று 22 வருஷம் ஓட்டியவள் நான். 44 வயசில் சிலம்பக் கம்பைக் கையில் எடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் என் இளைய மகள்.

அவளுக்கு 12 வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செல்போனே கதி. பக்கத்து வீட்டுப் பையன் கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நானும் போறேன்" என்று ஒரே பிடிவாதம். என் மாமியாருக்குத் துளியும் இஷ்டமில்லை. "பொட்டப் புள்ளைக்குக் கம்பு எதுக்கு? கை கால் முறிஞ்சா யாரு கட்டிக்குவா?" என்றார். வீட்டுக்காரர்தான், "போய்ட்டு வரட்டும், விடும்மா" என்று சமாதானப்படுத்தினார்.

எங்கள் ஊர் மதுரைப் பக்கம். ஊருணிக்கரைத் திடலில் திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஒரு மணி நேரம் வகுப்பு. வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டிய வயசு. மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சமயம் டாக்டரம்மா எனக்கு, "சுகர் பார்டர்ல இருக்கு, உடம்பை அசைக்கணும்" என்று சொல்லியிருந்தார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் பெரியவர்களுக்குச் சொல்லியிருக்கிறதாம்.

ஒரு நாள் வாத்தியார் வந்து, "ஏம்மா, நீ உக்காந்து உக்காந்து கல்லுதான் தேயுது. சும்மா காலடி மட்டும் போட்டுப் பாரு" என்றார். மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். என்னைச் சேர்த்து அங்கே நாலு பெண்கள்.

சகோதரிகளே, சிலம்பம் என்றால் எடுத்தவுடன் கம்பைச் சுழற்றுவது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. தரையைத் தொட்டுக் கும்பிட்ட பிறகு, முதலில் வெறும் காலடிதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று. மூன்று வாரம் இதே பாடம்! தொடையும் கெண்டைக்காலும் விண்விண்ணென்று தெறித்தன. அதற்கப்புறம்தான் கம்பு. தரையில் நிறுத்தினால் நம் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்றார். ஒற்றைக் கை வீச்சு, இரட்டைக் கை வீச்சு, பிறகு இருவர் எதிரெதிரே நின்று அடியும் தடுப்பும். தலைக்கு வருவதை எப்படித் தடுப்பது, இடுப்புக்கு வருவதை எப்படித் தடுப்பது என்று ஒவ்வொன்றையும் நூறு தடவை செய்யச் சொல்வார்.

எல்லாம் கை வந்த பிறகுதான் மோதல். அடித்து வீழ்த்துவதில்லை, கம்பால் எதிராளியைத் தொட்டால் புள்ளி. முன்பெல்லாம் கம்பு நுனியில் மையைத் தோய்த்துக்கொண்டு ஆடுவார்களாம். யார் உடம்பில் பொட்டு விழுகிறதோ அவர் தோற்றவர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐந்தாவது மாசம் அது நடந்தது. மோதலில் ஒரு பையன் வீசிய கம்பு என் மகளின் மோதிர விரலில் பட்டுவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் விரல் புடலங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மாமியார் எண்ணெயைச் சுடவைத்து உருவ ஆரம்பித்தார். நல்ல வேளை, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பட்டை வைத்துக் கட்டி, மூன்று வாரம் கையை அசைக்காமல் இருக்கச் சொன்னார்கள். "வளர்ற பிள்ளைக்கு எலும்பு நுனி இளசா இருக்கும். சுளுக்குன்னு நினைச்சு உருவக்கூடாது" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரியே, "போதும், இனிமே நீ போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கம்பைக் கொண்டுபோய்க் கதவு மூலையில் சாத்திவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, நிறுத்துகிற விஷயத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று தனியாகத் திடலுக்குப் போனேன். வாத்தியார் முதலில், "கையுறை இல்லாம அவளைக் களத்துல விட்டது என் தப்பு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று கையுறையைத் துவைத்துக் காயப்போட்டவள் நான்தான்! பிறகு, "நீ ஒரு தடவை களத்துல நின்னுட்டு, அப்புறமா நிறுத்து" என்றார். அதுவரை நான் மோதலுக்கே போனதில்லை.

தலைக்கவசம், மார்புக் கவசம், கையுறை எல்லாம் மாட்டி, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு எதிரே நிறுத்தினார். அவள் கம்பை ஓங்கியதுதான் தெரியும். கண்ணை இறுக்க மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோளில் டொக்கென்று பட்டது. மறுபடியும் அதே கதை.

"கண்ணை மூடிக்கிட்டா அடி வராதா தாயி? உன் மகளும் இப்படித்தான் முகத்தைத் திருப்புனா. கம்பிலே கை நழுவுச்சு, அடி விரல்லே விழுந்துச்சு" என்றார்.

வீடு வரைக்கும் அதே யோசனை. சின்ன வயசில் கணக்கில் தப்புப் போட்டால் ஸ்கேலால் அடி விழும். கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். கல்யாணத்துக்கப்புறமும் யாராவது சத்தம் போட்டால் தலையைக் குனிந்துகொள்வதுதான் பழக்கம். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பாள்? அவள் நன்மைக்குத்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருந்தேன். என் பயத்தைத்தான் அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

நிறுத்தவில்லை. முதலில் நான் கண்ணைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. எதிரே நிற்பவர் கம்பை மெதுவாக வீசி, நம் கவசத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்துவார். கம்பு நுனியைப் பார்க்கக்கூடாது. அவருடைய தோளைப் பார்க்க வேண்டும். தோள் அசைந்த பிறகுதான் கம்பு அசையும். மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை. பத்து நாளில் பாதி பயம் போய்விட்டது.

டாக்டர் சரி என்ற பிறகு மகளையும் கூட்டிப்போனேன். அவளுக்கும் அதே பயிற்சி. ஒரு மாசம் கழித்து வாத்தியார் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். பெற்ற பிள்ளையை எப்படி அடிப்பது? பூப்போல வீசினேன். அவள் கம்பைத் தாழ்த்தி, "அம்மா, நீ சும்மா வீசுறே. வெளியே யாரும் எனக்காக மெதுவா வீச மாட்டாங்க" என்றாள்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு முறையாக வீசினேன். அவள் கண் என் தோளிலேயே இருந்தது. இமைக்கவில்லை. தடுத்துவிட்டு, திரும்புகிற வேகத்தில் என் இடுப்பைத் தொட்டுவிட்டாள். புள்ளி அவளுக்கு!

இப்போதெல்லாம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு யாருடி ஜெயிச்சது?"

சேர்க்க நினைக்கும் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்:

* வந்தவுடனே மோதவிடும் இடம் வேண்டாம். காலடியும் தடுப்பும் பழகாமல் மோதல் கூடாது.

* மோதலுக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், கையுறை கட்டாயம். ஒன்று இல்லாவிட்டாலும் அன்று வேடிக்கை மட்டும் பார்க்கட்டும்.

* வயசும் எடையும் ஒத்த பிள்ளைகளோடு விடுகிறார்களா என்று பாருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொல்லும் வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

* வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ போதும். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

* அடிபட்டு வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். உருவாதீர்கள். விரல் மடங்காவிட்டாலோ, கோணலாகத் தெரிந்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

* பிரசவமானவர்கள், முக்கியமாக ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் சம்மதம் சொன்ன பிறகே சேருங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சரிசெய்யப் பயிற்சிகள் இருக்கின்றன.

பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, ஒரு நாள் நீங்களும் எழுந்து காலடி போட்டுப் பாருங்களேன். கல் எங்கும் போய்விடாது!