அம்மாவின் முகத்தைப் பார்த்து...

தொண்டிப் பிள்ளைகளுக்குக் கடற்கரை மணல்தான் விளையாட்டுத் திடல். 2020 மார்ச் 25-ந் தேதி கொரோனா ஊரடங்கு வந்ததும் அதுவும் பறிபோயிற்று. படகுகள் கரையில் நின்றன. அப்பாவின் வருமானம் நின்றது. எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் மறுபடி பள்ளிக்கூடத்தைக் கண்டது 2021 நவம்பர் 1-ந் தேதிதான்!

இம்மாதிரி காலத்தில், நன்றாக இருந்த பிள்ளை இரவில் அலறி எழுந்திருக்கும், படுக்கையை நனைக்கும். "என்ன பிடிவாதம்!" என்று கை ஓங்காதீர்கள், சகோதரிகளே! வாயால் சொல்லத் தெரியாத பயம் அது.

1940-களில் லண்டனில் குண்டுமழை பொழிந்தபோது, அன்னா ஃபிராய்டு அம்மையார் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். குண்டுச் சத்தத்தைவிடத் தாயின் நடுக்கமும் தாயைப் பிரிவதுமே குழந்தைகளை அதிகம் கலக்கியதை அவர் கண்டார்.

அதற்காகக் கவலையே படாமல் இருக்க முடியுமா? மறைக்கவும் வேண்டாம், அளவோடு சொல்லுங்கள். "படகு போகவில்லை, அப்பாவுக்குக் கவலைதான். ஆனால் நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம்" என்றால் போதும். சாவுச் செய்தியை ஓயாமல் சொல்லும் டெலிவிஷனை அணையுங்கள். சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் குழந்தையோடு மட்டும் இருங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் இதைத்தான் சொல்லிற்று.

அப்படியும் வாரக்கணக்கில் பயம் தெளியவில்லையா? 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், டாக்டரிடமும் காட்டலாம். அதில் வெட்கம் எதற்கு?

நோய்க்காலம் என்றதும் அரிசி, பருப்பு சேர்த்து வைக்கிறோம். கொஞ்சம் நிதானத்தையும் சேர்த்து வைப்போமே!