கணினியில் அழித்தல் தொழில்

படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலையும் இறைவனுக்கு உரியனவாகக் கூறுவது நம் மரபு. கணினிக்கு மென்பொருள் எழுதுவோரும் நாள்தோறும் இம்மூன்றையுமே செய்துவருகின்றனர். இவற்றுள் படைத்தல் எளிது. காத்தலும் பெரும்பாலும் இயலக்கூடியதே. அழித்தல்தான் தேர்ந்தவரையும் தடுமாற வைப்பது. வேண்டாத ஒன்றை எடுத்தெறிவதில் என்ன கடினம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் ஒரு கோப்பைத் திறக்கிறோம். அல்லது வேறொரு கணினியோடு தொடர்பு கொள்கிறோம். அதைப் பற்றிய செய்திகளைக் குறித்துவைக்க, கணினியை இயக்கும் மென்பொருள் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. அவ்விடமும் அதிலுள்ள செய்திகளும் சேர்ந்த தொகுதியே 'பொருள்' எனப்படும். நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பொருளைப் பயன்படுத்த விரும்பும் நிரற்பகுதி அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்குச் 'சுட்டு' என்று பெயர். தமிழாசிரியர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'அவன்' என்னும்போது அகரச்சுட்டு சேய்மையிலுள்ள ஒருவனைக் காட்டுகிறது. அங்கே எவனும் இல்லையென்றால், கேட்பவர் 'எவனைச் சொல்கிறீர்கள்?' என்று வினவுவார். கணினி வினவாது. அவ்விடத்தில் இப்போது எது கிடக்கிறதோ அதையே பழைய பொருளென்று கொண்டு வேலையைத் தொடரும். கேடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீக்கப்பட்ட பொருளின் இடம் நெடுநேரம் வெறுமையாய்க் கிடப்பதில்லை. அடுத்துக் கேட்பவருக்கு அது கொடுக்கப்பட்டுவிடும். வாடகை வீட்டைக் காலி செய்து போனவர் பழைய சாவியைத் தம்மிடமே வைத்திருந்து, ஒருநாள் மறதியாகக் கதவைத் திறந்து உள்ளே நுழைவதாகக் கொள்வோம். அங்கே வேறொரு குடும்பம் இருக்கும். கணினியில் இந்நிலையைத் தீயோர் தமக்கு வாய்ப்பாக்கிக்கொள்வர். காலியான இடத்தைத் தாமே கேட்டுப் பெற்று, அதில் பொய்ச் செய்திகளை நிரப்பி வைப்பர். பழைய சுட்டை உடைய நிரற்பகுதி அவற்றை மெய்யென்று நம்பி நடக்கும். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தினர் 2020ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். 2015 முதல் கண்ட கடுமையான பாதுகாப்புக் குறைகள் 912இல் ஏறத்தாழ 70 விழுக்காடு, நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதனால் நேர்ந்தவை. அவற்றுள்ளும் ஏறத்தாழப் பாதி, நீக்கிய பொருளைப் பின்னர்ப் பயன்படுத்தியதனால் நேர்ந்தவை.

அப்படியானால் ஒரு பொருளை எப்போது நீக்கலாம்? எவரும் அதைச் சுட்டாதபோது நீக்கலாம். விடை எளிதுதான், எவரும் சுட்டவில்லை என்பதை அறிவது எப்படி என்பதே வினா. 1960ஆம் ஆண்டில் இதற்கு இரண்டு வழிகள் அச்சேறின. ஜான் மெக்கார்த்தி கூறிய வழி, அவ்வப்போது நினைவகம் முழுவதையும் நடந்து பார்த்து, சுட்டப்படாதவற்றைத் திரட்டி எடுப்பது. ஜார்ஜ் காலின்ஸ் கூறிய வழி, ஒவ்வொரு பொருளோடும் ஓர் எண்ணிக்கையை வைப்பது. புதிதாய் ஒருவர் சுட்டினால் ஒன்று கூட்டுவது, ஒருவர் விலகினால் ஒன்று கழிப்பது, சுழியமானால் நீக்குவது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை சுழியமாவதே இல்லை என்பது இரண்டாம் வழியின் குறை. ஆயினும் இயக்க மென்பொருள் எழுதுவோர் இதனையே மிகுதியும் கைக்கொண்டனர். முதல் வழியில், திரட்டும் வேலை எப்போது குறுக்கிடும் என்று சொல்ல இயலாது. இயக்க மென்பொருளுக்கு அத்தகைய தடை ஆகாது.

யூனிக்ஸ் என்னும் இயக்க மென்பொருள் கோப்புகளை நீக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 'நீக்கு' என்னும் கட்டளை கோப்பை நீக்குவதில்லை. கோப்பின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. வேறு பெயர் எதுவும் இல்லாமற்போய், திறந்து வைத்திருப்போரும் மூடிய பின்னரே அதன் உள்ளடக்கம் மறைகின்றது. வட்டு நிறைந்துவிட்டதே என்று பெரிய பதிவுக்கோப்பு ஒன்றை நீக்கியும் இடம் கூடாததைக் கண்டு திகைப்போர் பலர். ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயரை நீக்குதல் வேறு, பொருளை நீக்குதல் வேறு என்னும் இப்பாகுபாட்டை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏனெனில், துப்புரவின் வரிசைமுறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நூலகத்தில் பழைய நூலொன்றைக் கழிக்க விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அட்டவணையிலிருந்து அதன் சீட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் புதியவர் எவரும் அதைக் கேட்டு வரமாட்டார். பின்னர், இரவல் பெற்றோர் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே நூலைக் கழிக்கலாம். இம்முறையை மாற்றி, நூலைக் கழித்தபின் சீட்டை எடுக்கலாம் என்றிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் சீட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் வெறும் அலமாரிக்குப் போவார். கணினியில் அந்த இடைவெளி ஒரு நொடியில் பல்லாயிரத்தில் ஒரு கூறாக இருக்கலாம். ஆனால் பல செயலிகள் ஒருங்கே ஓடும் பொறியில், பலகோடி முறை நடக்கும் வேலையில், அக்கூறும் ஒருநாள் அகப்பட்டே தீரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டியலில் பொருளைக் கண்டவர் எண்ணிக்கையில் ஒன்று கூட்டப் போகிறார். அதே கணத்தில், கடைசியாக வைத்திருந்தவர் ஒன்று கழித்துச் சுழியமாக்கிவிட்டு நீக்கத் தொடங்குகிறார். வந்தவர் சுழியத்தை ஒன்றாக்கிவிட்டுப் பொருள் தம்முடையதென்று மகிழ்வார், பொருளோ அழிந்துகொண்டிருக்கும். ஆகவே 'சுழியம் அல்லாவிடில் மட்டும் கூட்டு' என்பது விதி. சுழியத்தைத் தொட்ட பொருள் மீண்டும் உயிர்பெறக் கூடாது. பார்ப்பதும் கூட்டுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நிகழவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

படிப்போர் மிகப் பலராயின், ஒவ்வொருவரும் எண்ணிக்கையைத் தொடுவதே பெருஞ்சுமையாகிவிடும். சீக்குவென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னி, ஜான் சிலிங்வைன் ஆகியோர் 1990களில் வகுத்து, 2002இல் லினக்ஸின் கருவகத்திலும் இடம்பெற்ற ஒரு முறை இதற்கு வழிகாட்டியது. அம்முறையில் படிப்போர் எதையும் எண்ணுவதில்லை. நீக்குபவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தபின் ஒரு தவணை பொறுத்திருக்கிறார். பெயர் எடுக்கப்படும்போது படித்துக்கொண்டிருந்தோர் அனைவரும் படிப்பை முடித்துவிட்டனர் என்று உறுதியாகும் வரையுள்ள காலமே அத்தவணை. அதன்பின் வருவோர் கண்ணுக்குப் பொருள் அகப்படாது, முன்வந்தோர் போய்விட்டனர். எண்ணாமலே எண்ணிய பயனைப் பெற்ற இவ்வழியைப் போல் அழகானது இத்துறையில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

எண்ணிக்கை பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு 2016 சனவரியில் வெளியான ஒரு குறையைச் சொல்லலாம். லினக்ஸில், மறைவான திறவுகளைச் சேர்த்துவைக்கும் கோவை ஒன்று உண்டு. ஒரு நிரல், தன்னிடம் ஏற்கெனவே உள்ள கோவையையே மீண்டும் கேட்டால், எண்ணிக்கை ஒன்று கூடியது, ஆனால் குறையவில்லை. விடுபட்டது ஒரே ஒரு கழித்தல். இதனால் பொருள் நீக்கப்படாமல் தேங்கும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கப்பட்டது 32 இருமக் கூறுகள். 4,294,967,296 முறை கூட்டினால் அது மீண்டும் சுழியத்துக்கே வந்துவிடும், காரின் ஓட்டத்தைக் காட்டும் பழைய பொறி ஒன்பதுகள் முடிந்ததும் சுழியங்களைக் காட்டுவதுபோல. உடனே மென்பொருள் பொருளை நீக்கிவிடும், சுட்டோ நிற்கும். இக்குறையைக் கண்டறிந்த பெர்செப்ஷன் பாயிண்ட் நிறுவனத்தார், சாதாரணக் கணினியில் இதைச் செய்து முடிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று என்று தெரிவித்தனர். முடிவில் எளிய பயனர் ஒருவர் கணினி முழுவதற்கும் தலைவராகிவிடலாம். 2013இல் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்தே இக்குறை உள்ளே இருந்தது.

அடுத்த ஆண்டு, 2017இல், லினக்ஸ் கருவகத்தில் புதுவகை எண்ணி சேர்க்கப்பட்டது. உச்சத்தை எட்டினால் அது சுழலாது. அங்கேயே உறைந்து நிற்கும். அப்பொருள் பின்னர் என்றும் நீக்கப்படமாட்டாது. அதன் இடம் வீண்தான். ஆயினும் ஓர் அறை வீணாவது, அவ்வறையில் கள்வன் குடிபுகுவதைவிட எவ்வளவோ மேல்.

இனி, நீக்கத்துக்கு முன் செய்யவேண்டிய துப்புரவைப் பார்ப்போம். பியார்ன் ஸ்ட்ரௌஸ்டிரப் 1979இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த சி பிளஸ் பிளஸ் மொழியில், ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 'ஆக்கி' ஒன்றும் 'அழிப்பி' ஒன்றும் எழுதலாம். பொருள் மறையும்போது அழிப்பி தானே இயங்கும், திறந்தவற்றை மூடும், பூட்டியவற்றை அவிழ்க்கும். உறுப்புகள் ஆக்கப்பட்டதற்கு நேர்மாறான வரிசையில் அழிக்கப்படும். பின்னர்க் கட்டியது முன்னர்க் கட்டியதன்மேல் நிற்பதால், கூரையை எடுத்த பின்னரே சுவரை இடிக்க முடியும் அன்றோ?

அழிப்பிக்கு வாய் இல்லை என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர். கோப்பில் எழுதியவை வட்டில் சேர்ந்தனவா என்பது சில வேளைகளில் மூடும்போதுதான் தெரியவரும். சேரவில்லையென்றால் அழிப்பி யாரிடம் முறையிடும்? அது எழுப்பும் பிழைக்குறி நிரலையே நிறுத்திவிடக்கூடும். ஆதலால் 'மூடு' என்னும் வெளிப்படையான செயலொன்றைத் தனியே அமைத்து, அதன் விடையைப் பயன்படுத்துவோர் கேட்டறியச் செய்து, அழிப்பியை மறந்தோர்க்குக் காவலாக மட்டும் வைப்பதே நல்ல அமைப்பு. ஜாவா மொழியில், திரட்டும் வேலை நடக்கும்போது இயங்கும் 'இறுதிச் செயல்' என ஒன்று இருந்தது. அது எப்போது இயங்கும், இயங்குமா என்பதற்கே உறுதி இல்லை. 2017இல் அதனைக் கைவிடத்தக்கதென்று அறிவித்தனர்; 2022இல் மொழியிலிருந்தே நீக்கப்போவதாகக் குறித்தனர்.

மறைச்சொற்களைத் தாங்கிய இடத்தை விடுமுன் சுழியங்களால் நிரப்பித் துடைக்க வேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை. இனிப் படிக்கப்படாத இடத்தில் எழுதுவது வீண்வேலை என்று கருதி, மொழிமாற்றி அந்தத் துடைப்பையே விட்டுவிடும்! அதனால் விடாமல் துடைக்கும் தனிச் செயலை ஓப்பன்பிஎஸ்டி 2014இல் சேர்த்தது. சி மொழியின் 2023ஆம் ஆண்டுத் தரத்திலும் அத்தகைய செயல் ஒன்று உண்டு.

2015இல் முதற்பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி, பொருளுக்கு உரியவர் ஒருவரே என்றும், இரவல் பெற்ற சுட்டு உரியவரைக் கடந்து வாழக்கூடாது என்றும் விதித்து, மீறும் நிரலை மொழிமாற்றும் நிலையிலேயே மறுக்கிறது. ஆனால் அழிப்பி கட்டாயம் இயங்கும் என்று அம்மொழியும் உறுதி கூறவில்லை. பொருளை நீக்காமலே மறந்துவிட அதில் இடமுண்டு. துணைநிரல் முடியும்வரை காத்திருக்கும் பொறுப்பை அழிப்பியிடம் ஒப்படைத்திருந்த ஒரு நூலகப் பகுதி, இக்காரணத்தால் முதற்பதிப்பு வருமுன்னரே எடுக்கப்பட்டது. அழிப்பியை நம்பாமல், வேலையைத் தொடங்கிய செயலே அது முடியும்வரை காத்திருக்கும்படி மாற்றியமைத்து, 2022இல்தான் அதனைத் திரும்பச் சேர்த்தனர்.